இதர பரிகாரங்கள்

வழக்கு முடியும்வரை குவாரிக் குழியை என் வீட்டு வாசலில் வைத்துப் பாதுகாக்கும்படி சார்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. சூளப்பள்ளியில் எத்தனையோ வக்கீல்கள் இருக்க, என்னை ரிசீவராகப் போட்டதற்கு என் திறமை காரணமில்லை. மற்றவர்கள் எல்லாரும் மாடி வீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு குழியை வைக்கிற அளவுக்கு வாசல் இருந்தது எனக்கு மட்டும்தான். வீடு கட்டும்போதே வாசலை இவ்வளவு பெரிதாக விடாதீர்கள் என்று என் மனைவி கோமளா சொன்னாள். நான் எங்கே கேட்டேன்.

கோர்ட் உத்தரவுகளை நிறைவேற்றுகிற அமீனா ஒரு நாள் காலையில் குழியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வழியெல்லாம் வெயிலில் வந்ததால் ஓரங்களில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. இப்போதுதான் போட்ட கோலம், அது கெடாமல் இறக்குங்கள் என்றாள் கோமளா. உத்தரவில் கோலத்தைப் பற்றி ஒன்றும் இல்லையம்மா என்று அமீனா மரியாதையாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் குழி விரிந்து தன் பழைய அளவுக்கு வந்துவிட்டது. முருங்கை மரம் போயிற்று, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் போயிற்று, அன்றிலிருந்து நாங்கள் கொல்லைப்புறமாகப் போய்வரத் தொடங்கினோம். குழி இருந்த இடம் இப்போது சமதரை ஆகிவிட்டதாகவும் பிரதிவாதி அதில் கொள்ளு விதைத்திருப்பதாகவும் அமீனா சொன்னார். 'குழி ஒன்று, உள்ளே ஆள் ஒருவர்' என்று எழுதியிருந்த ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உள்ளே இருந்த ஆள் சிக்கண்ணன். வழக்குப் போட்ட நஞ்சம்மாளின் கணவர், அந்தக் குவாரியில் கல் உடைத்தவர். வழக்கின் முதல் நாளே, எது எது எங்கே எப்படி இருக்கிறதோ அது அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டிருந்தார்கள். நிலச் சண்டைகளில் வழக்கமாகப் போடுகிற உத்தரவுதான். அந்த நேரத்தில் சிக்கண்ணன், மறந்துவிட்டு வந்த கடப்பாரையை எடுக்கக் குழிக்குள் இறங்கியிருந்தார். அமீனா விளிம்பில் நின்று உத்தரவைப் படித்தபோது அவர் கடப்பாரையோடு ஏணியில் ஒரு கால் வைத்திருந்தார். படித்து முடித்ததும் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஏணி பிரதிவாதியின் வசம் இருந்த அசையும் பொருள் என்பதால் பிரதிவாதி அதை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பிரதிவாதி மாதப்பன். நஞ்சம்மாளின் கூடப் பிறந்த தம்பி.

குழி முதலில் குழியாக இருக்கவில்லை. காடைக்கரடு என்று ஒரு பாறைக் குன்றாக இருந்தது. நஞ்சம்மாள் தன் கல்யாண வளையல்களைக் கழற்றிக் கொடுத்துத்தான் அந்தக் கரடு வாங்கப்பட்டது. பத்திரம் மட்டும் தம்பி பெயரில். இதற்கான காரணம் எங்கள் பக்கத்துக் குவாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பெண் பெயரில் இருக்கிற பாறை பிளக்காது. வெடி வைத்தால் மருந்து புகைந்து போகும், உளி வைத்தால் உளி மழுங்கும். புருஷன் பெயரில் எழுதினாலும் பாறை கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் இருவருக்கும் ஒரே ரேஷன் கார்டு. ஆகவே எங்கள் தாலுக்காவில் பெண்கள் வாங்குகிற பாறைகள் எல்லாம் தம்பிகள் பெயரில்தான் இருக்கும். தம்பி இல்லாத பெண்கள் பாறை வாங்குவதில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், பொருள் கொடுத்தவரிடமே சொத்து திரும்பிப் போய்ச் சேர வேண்டும். பெயர் உள்ளவர் அதுவரைக்கும் வெறும் காவல்காரர். கொடுத்தவர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார் என்று ருசுவானால் மட்டும் திரும்பாது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. நஞ்சம்மாள் வளையலைக் கழற்றியபோது அவர் மனதில் என்ன இருந்தது? அக்கா தம்பிக்குச் செய்த சீர் அது என்றார் மாதப்பனின் வக்கீல். தம்பி அக்காவுக்குச் சீர் செய்துதான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று நீதிபதி சொன்னார். ஆனாலும் அவர் அப்படிச் சொன்னதோடு மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதலிலிருந்து கேட்டார்.

மாதப்பன் கெட்டவர் இல்லை. வருடக்கணக்கில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, கரடு தன்னுடையது என்று அவருக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். கரடு தேய்ந்து தரையாகி, தரை குழியாகி, கல்லெல்லாம் தீர்ந்த பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெருநகரத்துக் குப்பைக் கம்பெனி ஒன்று, குப்பை கொட்டுவதற்கு ஆழமான குழியாகத் தேடிக்கொண்டிருந்தது. அவர் விற்பதாக ஒப்புக்கொண்டார். நஞ்சம்மாள் வழக்குப் போட்டார்.

வழக்குப் போட்ட பிறகுதான் சிக்கல் அவருக்கே புரிந்தது. குழியை வாங்குபவர், குழிக்குள் இருப்பவற்றோடு சேர்த்துத்தான் வாங்குவார். தோற்றால் சிக்கண்ணன் மேல் குப்பை விழும். அதை நஞ்சம்மாள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் அழாமல். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

தினமும் உச்சி வேளையில் நஞ்சம்மாள் வருவார். டிபன் கேரியரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்குவார். களி உருண்டை, கீரைக் கடைசல், சில நாள் மொச்சைக்கொட்டைச் சாறு. சிக்கண்ணன் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கட்டிக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவார். அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பேச்சு அவ்வளவு ஆழம் போய்ச் சேருவதற்குள் சாறு ஆறிவிடும் என்று நஞ்சம்மாள் சொன்னார். கேரியர் மேலே வந்ததும் மூடியைத் திறந்து, எந்த அடுக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். அதுதான் அவருக்குக் கடிதம்.

எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, ஒளிப்பானேன். வாசல் போனது மட்டுமில்லை. மழை பெய்தால் தண்ணீர் இறைப்பது ரிசீவர் கடமை. யார் வீட்டுக் கோழி விழுந்தாலும் மீட்டுக் கொடுப்பது ரிசீவர் கடமை. கட்சிக்காரர்கள் என் ஆபீசுக்கு வர அஞ்சி, எதிர்த் தெரு வக்கீலிடம் போனார்கள். அவர் வாசலே இல்லாத மனிதர், நன்றாக இருந்தார். ஆனால் சிக்கண்ணனோடு பேசப் பேச எனக்கு அந்தக் குழி பிடித்துவிட்டது. நான் மெகாபோன் ஒன்று வாங்கிக்கொண்டேன். வாய்தா எப்போது, நீதிபதி யார், அவர் முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் சாயங்காலம் வந்து குழிக்குள் சொல்வேன். அவர் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார். நஞ்சா இளைத்திருக்கிறாளா என்று. இல்லை என்பேன். அது பொய்.

ஒரு நாள் அவர் வேறு ஒன்று சொன்னார். கீழே ஒரு பேச்சுக் குரல் தன்னைத் தாண்டி மேலே போனது என்றார்.

நான் விசாரித்தேன். குரல் மாதப்பனுடையது, ஆனால் இளசாக இருந்தது; கூடவே வளையல் சத்தம். விஷயம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கரட்டை வாங்கிய நாளில், கரட்டின் தலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் நின்றுதான் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். பேசிய பேச்சு பள்ளத்துக்குள் விழுந்தது. விழுந்த பேச்சு அடித்தளத்தில் பட்டால்தான் எதிரொலியாகத் திரும்பும். ஆனால் மறுநாளே கல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு இறங்க இறங்கத் தளமும் இறங்கிக்கொண்டே போயிற்று. வருடக்கணக்கில் அது தளத்தைத் துரத்திக்கொண்டு கீழே போயிருக்கிறது. கல் தீர்ந்து வேலை நின்ற பிறகுதான் தளம் நின்றது, பேச்சு போய்ப் பட்டது, இப்போது திரும்பி வருகிறது.

சிக்கண்ணனைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. மேலே வந்தால் உத்தரவை மீறியதாகும். ஆகவே குரல் விளிம்புக்கு வந்து சேருகிற அன்று நீதிமன்றமே என் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். அப்போதைய நீதிபதி தயாபரன் நிதானமானவர். வாய்தாவை என் வீட்டு விலாசத்துக்கு மாற்றினார்.

வாடகைக் கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன. குழியைச் சுற்றி ஒரு பக்கம் நஞ்சம்மாளும் அவருடைய வக்கீல் கஜபதியும், மறுபக்கம் மாதப்பனும் அவர் வக்கீலும். கோமளா எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். நீதிபதி இரண்டாவது தம்ளர் வாங்கிக் குடித்தார். பதினொன்றரை வாக்கில் கோர்ட் சேவகரான டவாலி, யாரும் பேச வேண்டாம் என்று கையைத் தூக்கினார்.

முதலில் வளையல்கள் வந்தன. ஒவ்வொன்றாகக் கழன்று ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம். கடைசி வளையல் சுலபமாகக் கழலவில்லை, கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு இளவயது மாதப்பனின் குரல் வந்தது.

"அழுவாதக்கா. பேரு மட்டுந்தான் என்னுது. கரடு உன்னுது."

அதற்குப் பிறகு நஞ்சம்மாளின் குரல். பாறைக்குப் பக்கத்தில் பெண்கள் பேசக் கூடாது என்பதால் ரொம்பவும் தணிந்திருந்தது.

"சரிடா. காலையில இருந்து ஓடிட்டே இருக்கியே, சாப்ட்டியா நீ?"

அவ்வளவுதான் குழியில் இருந்தது. சிரஸ்தார் இரண்டையும் எழுதிக்கொண்டார். இது உங்கள் குரல்தானா என்று நீதிபதி கேட்டார். மாதப்பனின் வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாதப்பன் எழுந்து நின்று குழியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"என் குரலுதாங்க ஐயா," என்றார். "அன்னிக்கு நான் சாப்பிடல."

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. வாதி எதையும் அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை, பிரதிவாதி பெயரளவுக்கு மட்டுமே உரியவர், சொத்து வாதிக்கே திரும்ப வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். பிராதில் கேட்ட பரிகாரங்கள் அனைத்தும் வழங்கப்படுகின்றன. தீர்ப்பு முழுதாக நிறைவேறும்வரை இடைக்கால உத்தரவு நீடிக்கும். நான் மெகாபோனை எடுத்து அதைக் குழிக்குள் வாசித்தேன். கிளம்பலாம் என்று தூக்கிய காலைக் கடைசி வரி வந்தபோது மறுபடியும் கீழே வைத்துவிட்டதாகச் சிக்கண்ணன் சொன்னார். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நான் அவருக்குச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கேட்ட பரிகாரங்கள் அனைத்தும் என்பதில்தான் வினை இருந்தது. கஜபதி எந்தப் பிராது எழுதினாலும் கடைசியில், 'மற்றும் நீதிமன்றம் தகுந்ததெனக் கருதும் இதர பரிகாரங்கள்' என்று ஒரு வரி சேர்ப்பார். அவர் மட்டுமா, நாங்கள் எல்லாருமே சேர்ப்போம். எங்கள் சீனியர் சேர்த்தார், அவருடைய சீனியர் சேர்த்தார். அது இல்லாவிட்டால் பிராது காலில் செருப்பில்லாமல் நிற்பது மாதிரி இருக்கும். அந்த வரியைக் கேட்டு எந்த நீதிமன்றமும் எதையும் கொடுத்ததில்லை. தயாபரன் கொடுத்தார். சொத்திலிருந்து வெளியே போனது எந்த உருவில், எவர் கையில் இருந்தாலும் அதைத் தேடிப் பிடித்துச் சொத்தோடு சேர்க்க வேண்டும் என்று, இதர பரிகாரமாக ஒரு பத்தி எழுதியிருந்தார். அதாவது கல்.

மறுநாளிலிருந்து கல் திரும்பி வரத் தொடங்கியது.

முதலில் பக்கத்தில் இருந்தவை வந்தன. கல்யாண மண்டபத்துப் படிக்கட்டுகள், பேங்க் வாசல்படி, பல் டாக்டரின் பெயர்ப் பலகை. பிறகு வீடுகளின் சமையல் மேடைகள், சில சமயம் அடுப்போடும் பாதி நறுக்கிய வெங்காயத்தோடும். வெங்காயத்தைக் கோமளா எடுத்து வைத்து, தேடி வந்தவர்களிடம் கொடுத்தாள். கல்லறைக் கற்கள் பெயரும் தேதியும் குழிக்குள் தெரியும்படி வந்தன. சார்பு நீதிமன்றத்தின் தரை முழுவதும் காடைக்கரட்டுக் கல்தான். நீதிபதியின் நாற்காலிக்கு அடியில் இருந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. அந்த ஒரு கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்ததும் அதுவும் வரும் என்று டவாலி சொல்லியனுப்பினார்.

முதல் கல் வந்த அன்று நஞ்சம்மாள் ஓடி வந்ததை நான் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. விளிம்பில் முட்டி போட்டு உட்கார்ந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். குப்பையிலிருந்து காப்பாற்றிக் கல்லுக்குக் கொடுத்துவிட்டோமே என்று நானும் அவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். ஜெயித்துக் கொன்றோம் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது இருக்கட்டும், நான் எந்த முகத்தோடு மறுபடி மெகாபோனைத் தொடுவேன்.

ஆனால் தீர்ப்பை வழக்கம்போல் நாங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை. கல், தான் கிளம்பிய இடத்துக்குத்தான் திரும்பியது. அடியிலிருந்து எடுத்த கல் அடிக்குப் போனது. ஆகவே ஒவ்வொரு கல்லும் சிக்கண்ணனின் காலுக்குக் கீழே நுழைந்து உட்கார்ந்தது. அவர் குழியின் தளத்தில் இருந்தார், தளம் மேலே வந்தது. அவர் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார். உத்தரவு மீறப்படவில்லை.

நாளுக்கு நாள் கயிறு குறைந்தது. கேரியர் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது. சாறு சூடாக இருக்கிறது என்று ஒரு நாள் கீழேயிருந்து சத்தம் வந்தது. நஞ்சம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு சிக்கண்ணனின் தலைமுடி தெரிந்தது. நரைத்திருந்தது. நஞ்சம்மாளுக்கு அது தெரியாது. நஞ்சம்மாள் இளைத்திருந்தார். சிக்கண்ணனுக்கு அது தெரியாது, நான்தான் மறைத்தேனே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கொல்லைப்புறம் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். எங்களிடம் மாடு இல்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் உச்சி வேளையில் குழி சரியாக நிரம்பி, தளம் என் வாசலோடு மட்டமாக வந்து நின்றது. தீர்ப்பு இன்னும் முழுதாக நிறைவேறவில்லை, அடுத்த கல் ரயிலில் வந்துகொண்டிருந்தது; ஆகவே சிக்கண்ணன் இறங்கி நடக்க முடியாது. நஞ்சம்மாள் கயிறு கட்டாமல், கேரியரைக் கையிலேயே கொடுத்தார். சிக்கண்ணன் கையிலேயே வாங்கினார். இரண்டு பேர் கைகளும் கேரியரின் பிடியில் இருந்தன, எடுக்க மனமில்லாமல். பிறகு நஞ்சம்மாள் முந்தானையால் அவர் நெற்றியிலிருந்த கல் தூசியைத் துடைத்தார். அது வருடக்கணக்கான தூசி, ஒரு துடைப்பில் போகவில்லை. நான் அழுதேன் என்று சொன்னால் கோமளா சிரிப்பாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

இங்கேயே நிறுத்த வழியில்லையா என்று நஞ்சம்மாள் கேட்டார். வழி இருந்தது. இதர பரிகாரங்களை நீக்கச் சொல்லி ஒரு மனு போட்டால் போதும். ஆனால் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிமன்றத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். ஆள் கீழே போனால்தான் அவசரம், மேலே போவதை ஜூன் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ரயில் வந்தது. ஒரு விமான நிலையத்தின் கழிவறைத் தரை வந்து சேர்ந்தது. சிக்கண்ணன் ஒரு சாண் உயர்ந்தார். நான் இன்னொரு போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து, அவர் முட்டி அளவு உயர்ந்தார். கேரியர் அவர் கையில் இருந்தது. நஞ்சம்மாள் செருப்பைக் கழற்றி என் வீட்டுச் சுவரோரம் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையைக் கொடுத்து, பாறையின் மேல் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தீர்ப்புப் பெற்றவர் தன் சொத்தின் மேல் ஏறுவதைத் தடுக்க ரிசீவருக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.

கோடை முழுவதும் காடைக்கரடு வளர்ந்தது. குழியை நிரப்பியதோடு நிற்காமல், முன்பு இருந்தபடி குன்றாகவும் ஆக வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கற்கள் கப்பலில் வந்தன. என் வீட்டுக்கு மத்தியானத்துக்கு மேல் வெயில் வருவது நின்றது. வடகம் காயவில்லை என்பது தவிர அதில் எனக்குக் குறை இல்லை. கேரியரை இப்போது இறக்குவதற்குப் பதில் ஏற்ற வேண்டியிருந்தது. கோமளா சமைத்தாள். யார் கட்டிவிடுவது என்று யோசித்தபோது மாதப்பன் வந்து நின்றார். அன்றிலிருந்து தினமும் அவர்தான் வந்து கயிற்றில் கட்டுகிறார். அக்காவுக்குக் காரம் ஆகாது என்று முதல் நாளே கோமளாவிடம் சொல்லிவிட்டார்.

மேலே சிக்கண்ணன் பழக்கதோஷத்தில் கடப்பாரையை எடுத்துப் பாறையில் ஒரு போடு போட்டுப் பார்த்திருக்கிறார். பிளக்கவில்லை. இப்போது அது பெண் பெயரில் இருந்தது. கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டு, வேறு வேலை இல்லாததால் பெண்டாட்டியோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

விடுமுறை முடிகிற சமயத்தில் மேலேயிருந்து கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. நஞ்சம்மாளின் வளையல்கள் அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டன. அதுவும் இதர பரிகாரங்களில் அடக்கம் போலிருக்கிறது. மாதப்பனின் வக்கீல் அதைக் கேட்ட மாத்திரத்தில் மேல்முறையீடு போட்டார். வளையல் கைக்கே திரும்பிவிட்டபடியால், வாதி இந்தக் கரட்டுக்காக எதையும் கொடுக்கவில்லை. எதையும் கொடுக்காதவருக்குச் சொத்து எப்படித் திரும்பும் என்பது அவர் வாதம். சட்டப்படி அதில் பிழை காண முடியவில்லை. மாதப்பனைக் கேட்டேன்.

"அது வக்கீலு போட்டதுங்க சார். எனக்கு அதெல்லாந் தெரியாது, நான் சோறு கொண்டாரேன்," என்றார் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே.

வளையல்கள் பழையவைதானா என்று பார்த்து அறிக்கை தரும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிசீவராகிய என்னைக் கேட்டது. நான் கரட்டின் மேல் ஏறினேன். வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். நஞ்சம்மாள் ஒரு இடத்தை முந்தானையால் தட்டி உட்காரச் சொன்னார். வளையல்கள் அவைதான், கடைசியாகக் கழன்ற வளையலில் ஒரு நெளிவு இருந்தது. நான் அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போது கீழே அமீனா வந்து உத்தரவைப் படித்தார். மேல்முறையீடு முடியும்வரை, எது எது எங்கே எப்படி இருக்கிறதோ அது அங்கே அப்படியே இருக்க வேண்டும். நான் எழுவதற்காக ஊன்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இங்கிருந்து என் வீட்டு மொட்டை மாடி தெரிகிறது. கோமளா துணி காயப்போட வருகிற நேரங்கள் எனக்கு மனப்பாடம். அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். கேரியர் வந்ததும் நாங்கள் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நஞ்சம்மாள் பரிமாறும்போது வளையல் சத்தம் கேட்கிறது. அவருக்குச் சதை போட்டிருக்கிறது.

இருந்தாலும் தொழில் புத்தி போகவில்லை. இங்கிருந்தே ஒரு மனு எழுதி அனுப்பி, இந்த உத்தரவை நீக்கச் சொல்லலாம், நீங்கள் இரண்டு பேரும் இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று நஞ்சம்மாளிடம் சொன்னேன். வருடக்கணக்கில் வழக்கு எப்போது முடியும் என்று என் வாசலில் வந்து நின்றவர் அவர். சிக்கண்ணனின் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்து, குழம்பை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வேணாங்க சார். கேஸு நடக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. நாளைக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து கமிஷனர் ஒருவர் கரட்டைப் பார்வையிட ஏறி வருகிறாராம். கேரியரில் இன்னொரு அடுக்கு சேர்க்கச் சொல்லிக் கோமளாவுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன்.